படியூர் நீலமும் பிரோசாவும்: கல் நகை கேள்வி பதில்

கையால் கல் நகை செய்கிறவர்களும் செய்யப் பழகுகிறவர்களும் கொங்கு வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. கல் வெட்டும் வேலையும் வெள்ளி வேலையும் தெரிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளியில் டர்க்காய்ஸ் பதித்துக் 'கொங்கு மரபு நகை' என்று விற்கலாம் என்றிருக்கிறேனுங்க. அந்தக் காலத்தில் நம் பக்கம் டர்க்காய்ஸ் வெட்டி எடுத்தார்களா?
*வாசகி, தாராபுரம்*

இல்லைங்க. டர்க்காய்ஸை நம் கடைவீதியில் பிரோசா என்றும் கேட்டு வாங்குவார்கள். செம்பு, அலுமினியம், பாஸ்பேட் மூன்றும் நீரோடு சேர்ந்து உண்டாகிற கல் அது. வறண்ட நாட்டில், செம்புத் தாது கலந்த பாறையின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கி இறங்கி, நரம்பு நரம்பாகப் படியும். ஈரானில் நிஷாப்பூர், எகிப்தின் சினாய்ப் பகுதியில் செராபித் எல் காதிம், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் செர்ரில்லோஸ் ஆகியவை அதன் பேர்பெற்ற பழைய சுரங்கங்கள். சினாயில் சுரங்கத்தை ஒட்டியே ஹாத்தோர் என்ற தெய்வத்துக்குக் கோயில் கட்டி, அவளைப் 'பிரோசாவின் தலைவி' என்று எகிப்தியர் கும்பிட்டார்கள். செர்ரில்லோஸில் ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணின் மக்கள் கல் சுத்தியலால் மலையைக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு அந்த மண்ணின் பெயர்தான் பொருந்தும்.

கொங்கு நாட்டு நீலம் வேறு. அது பெரில் என்ற கனிமம். கடல்நீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் அக்வாமரைன் என்கிறோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற வழியில் உள்ள படியூர்தான் அதன் பழைய இருப்பிடம். அங்கே பாறைக்குள் ஓடும் வெள்ளைக் கல் நரம்புகளில் பெரில் ஆறு பட்டைக் குச்சிகளாக விளைந்திருந்தது. 1819-20இல் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே சுரங்கம் நடத்தியது ஆவணங்களில் இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், பெரிலை மணியாக்கும் பட்டறைகள் இருந்தன.

ஆகவே சீட்டில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். 'கல்: டர்க்காய்ஸ், ஈரான். வடிவமும் வேலையும்: தாராபுரம்' என்று எழுதினால் அதில் ஒரு குறையும் இல்லை. வடிவம் உங்களுடையது, மரபும் உங்களுடையது. 'கொங்கு டர்க்காய்ஸ்' என்று எழுதினால் அது பொய். கல் தெரிந்த ஒருவர் கையில் அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்தால், உங்களுடைய மற்ற நகைகளின் மீதும் சந்தேகம் விழும்.

கேள்வி: கொடுமணல் மணிகளை மாதிரியாக வைத்து ஒரு கழுத்து மாலை வடிவமைக்க வேண்டும், கல்லூரித் திட்டத்துக்காக. என்ன அளவு, என்ன வடிவம் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
*மாணவி, பெருந்துறை*

1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்விலும் பின்னால் நடந்தவற்றிலும் கொடுமணலில் பெரில், படிகம், செவ்வந்திக்கல், கார்னீலியன், அகேட், நீலமணி (சஃபையர்) எனப் பல கற்களில் மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு உடைக்காத கல், பாதி தேய்த்த கல், துளை போடும்போது உடைந்த மணி, உதிர்ந்த சில்லு எல்லாம் கிடைத்தன. ஒரு மணி எப்படி உருவானது என்ற வரிசையை அந்தக் குப்பையிலேயே படிக்கலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தப் பாட்டும் ஊரின் பெயரை அருங்கலத்தோடு சேர்த்தே சொல்கிறது.

வடிவத்துக்கு ஒரு நல்ல சாட்சி ரோமானியர் பிளினி. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுதியவர். இந்தியர்கள் பெரிலை நீளமாக வைத்திருப்பதில்தான் பெருமைப்படுகிறார்கள், துளையிட்டு யானை முடியில் கோர்க்கிறார்கள், மிக நல்ல கல்லைத் துளையிடாமல் இரண்டு முனைக்கும் பொன் குப்பி (தொப்பி போன்ற மூடி) போட்டு வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆறு பட்டை பிடித்தால்தான் மங்கலான நிறம் பளிச்சிடும் என்றும் சொல்கிறார். இவ்வளவும் சேர்ந்தால் உங்கள் வடிவம் கையில் வந்துவிட்டது: நீண்ட ஆறு பட்டை மணி, இரு முனையிலும் உலோகக் குப்பி, கறுப்புச் சரடு.

நீளத்துக்குப் பின்னால் கல்லின் இயல்பும் இருக்கிறது. சாதாரண அக்வாமரைன் குச்சியை நுனி வழியாகப் பார்த்தால் நிறம் வெளுத்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் நீலம் கூடியிருக்கும். குச்சியின் நீளத்தையே மணியின் நீளமாக வைத்தால், கழுத்தில் கிடக்கும்போது பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல நீலம் தெரியும். குறுக்கே வெட்டி உருண்டையாக்கினால் அந்த நீலத்தில் ஒரு பங்கு வீணாகிறது.

அளவுக்கு வருவோம். மணி 12 மி.மீ. நீளம், எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 5 மி.மீ. இந்த அளவில் ஒரு மணி சுமார் 0.7 கிராம், அதாவது 3.5 கேரட் வரும். குப்பிக்கு 0.3 மி.மீ. வெள்ளித் தகட்டில் 8 மி.மீ. வட்டம் வெட்டி, மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிக்கொள்ளுங்கள். குழிகள் உள்ள பித்தளைக் கட்டையில் பெரிய குழியில் தொடங்கிச் சின்னக் குழிக்கு இறக்கி இறக்கித் தட்டுங்கள். ஒரே அடியில் சின்னக் குழிக்குப் போனால் விளிம்பு சுருங்கி மடிப்பு விழும், பிறகு அது நிமிராது. இரண்டு குழி மாறியதும் தகடு விறைத்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். குப்பியின் நடுவில் சரடு போகும் அளவுக்கு ஒரு துளை.

முன்பக்கத்துக்கு 11 மணி போதும். ஒரு மணி 12, வெளியே நீளும் இரண்டு குப்பி சேர்ந்து 3, அடுத்த மணிக்கு முன் ஒரு வெள்ளிக் குண்டு 3, ஆக 18 மி.மீ. 11 மணிக்கு 198 மி.மீ., கிட்டத்தட்ட 20 செ.மீ. மாலை 45 செ.மீ. என்றால் மீதி 25 செ.மீ. பின்புறச் சரடும் கொக்கியும். கல்லின் மொத்த எடை 7.7 கிராம்தான், கழுத்தில் கனக்காது. குப்பிக்குள் அரக்கு நிரப்புவது பழைய முறை. ஆனால் வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் இளகும். இரண்டு குழாயில் வரும் எபாக்சி பசையைச் சம அளவு கலந்து வைத்து, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். உடனடியாக ஒட்டும் பசை வேண்டாம், அதன் ஆவி படிந்து கல்லின் மேல் வெள்ளைப் புகை போல் நின்றுவிடும்.

யானை முடி கேட்டு யாரிடமும் போகாதீர்கள். யானையின் முடியை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மெழுகு பூசிய கறுப்புப் பருத்திச் சரடு அதே தோற்றத்தைத் தரும்.

கேள்வி: அக்வாமரைன் என்று ஒரு பொட்டலம் நீலக்கல் வாங்கினேன். சிலர் புளூ டோபாஸ் என்கிறார்கள், சிலர் கண்ணாடி என்கிறார்கள். கடைக்குப் போகாமல் நானே சோதிக்க வழி உண்டா?
*வாசகர், காங்கேயம்*

உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் நூலும் போதும்.

முதலில் கல்லை உலர்த்தி எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துத் தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண், கிடைக்கும். கல் 5.44 கிராம், தண்ணீரில் 2.00 காட்டினால் 2.72, அது அக்வாமரைனுக்கு உரிய எண். அதே 5.44 கிராம் கல் 1.54 காட்டினால் 3.53, அது டோபாஸ். இந்த இரண்டுக்கும் இடையே குழப்பமே வராது.

தவறு எங்கே வரும் என்றால், கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி. ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் விட்டு, கல்லைத் தூரிகையால் தடவி இறக்குங்கள். துளையிட்ட மணியில் துளைக்குள் காற்று நிற்கும், ஊசியால் குத்தி வெளியேற்றுங்கள். 1 கிராமுக்குக் குறைந்த கல்லில் தராசின் ஒரு எண் பிசகினாலே விடை 0.1 மாறும். அதனால் ஒரே மாதிரியான நாலைந்து கல்லைச் சேர்த்துச் சோதிப்பது மேல்.

இந்தச் சோதனையால் பிரிக்க முடியாதது படிகம். அதன் எண் 2.65, பெரிலுக்கு வெகு பக்கம். சாயம் ஏற்றிய படிகத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறம் வெடிப்புகளில் மட்டும் கோடு கோடாகத் தேங்கியிருக்கும், வெடிப்புக்கு இடையே கல் வெளுத்திருக்கும். இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்று பிளினியே குறைப்பட்டிருக்கிறார். ஏமாற்று வேலைக்கும் 2,000 வயது ஆகிறது. கண்ணாடி என்றால் உருண்டைக் குமிழிகளும், பட்டை விளிம்புகள் மழுங்கித் தேய்ந்திருப்பதும் காட்டிக்கொடுக்கும். கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5, பெரில் 7.5 முதல் 8. புழங்கிய பெரிலில் விளிம்பு கூராகவே நிற்கும்.

விலை உயர்ந்த ஒற்றைக் கல் என்றால் ஒளிவிலகல் எண் பார்க்கும் கருவி உள்ள ஆய்வகத்தில் காட்டுங்கள். பெரிலுக்கு 1.57 முதல் 1.58, படிகத்துக்கு 1.54 முதல் 1.55, டோபாஸுக்கு 1.61க்கு மேல்.

ஒன்று கூடச் சொல்ல வேண்டும். பச்சை கலந்த பெரிலை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் பதமாகச் சூடேற்றினால் பச்சை போய் நீலம் நிற்கும். அந்த நிறம் மங்காது, உலகெங்கும் ஏற்ற வழக்கம்தான். வாங்குகிறவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சரமாக வாங்கிய டர்க்காய்ஸ் மணி வியர்வையில் நீலம் விட்டு ரவிக்கையில் கறை ஆகிவிட்டது. ஒரு மணி உடைந்ததில் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இது என்ன கல்லுங்க?
*வாசகி, ஈரோடு*

பெரும்பாலும் ஹௌலைட் அல்லது மேக்னசைட். இரண்டும் வெள்ளைக் கல், கறுப்போ சாம்பலோ நரம்பு ஓடும், சாயத்தை நன்றாகக் குடிக்கும். சாயம் மேல்தோலில்தான் ஏறும் என்பதால் உடைந்த இடம் வெளுக்கிறது. ஹௌலைட்டின் கடினம் 3.5தான். டர்க்காய்ஸ் 5 முதல் 6.

வாங்குமுன் செய்ய வேண்டியது: நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைப் பஞ்சில் தொட்டு, கண்ணுக்குப் படாத இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சு நீலமானால் சாயம். பிறகு துளைக்குள் வெளிச்சம் காட்டிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், துளைச் சுவர் வெள்ளையாக இருந்தாலும் விடை அதுவே. சாயம் ஏற்றியபின் மெழுகோ பிசினோ பூசியிருந்தால் பஞ்சில் நிறம் வராமல் தப்பிக்கும், துளை தப்பிக்காது.

இன்னொரு வகை, தூளாக்கிய டர்க்காய்ஸைப் பிசினில் கலந்து அச்சில் வார்த்தது. சுட்ட ஊசி நுனியைத் துளையோரம் வைத்தால் பிளாஸ்டிக் வாடை வரும். மென்மையான உண்மை டர்க்காய்ஸுக்குப் பிசின் ஏற்றி உறுதிப்படுத்துவதும் உண்டு, அது போலி அல்ல. ஆனால் அதற்கும் வாடை வரலாம் என்பதால் ஊசிச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஹௌலைட் கெட்ட கல் இல்லை. வெள்ளை ஹௌலைட்டையே நரம்போடு அப்படியே கோர்த்தால் அழகாக இருக்கும். பெயர் மாற்றி விற்பதுதான் தப்பு.

கேள்வி: பெரில் மணிக்குத் துளை போடும்போது பத்துக்கு நாலு, துரப்பணம் வெளியே வருகிற பக்கத்தில் சில்லுத் தெறித்துவிடுகிறது. கூர் கெட்ட முனையா காரணம்?
*வாசகர், திருப்பூர்*

முனையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரே பக்கமிருந்து மறுபக்கம் வரை போகிறீர்கள், அதுதான் முதல் காரணம். முனை வெளியேறும்போது கடைசியில் நிற்கும் மெல்லிய கல் அழுத்தம் தாங்காமல் பெயர்கிறது. 12 மி.மீ. மணிக்கு இரண்டு பக்கமிருந்தும் 6, 6 மி.மீ. போய் நடுவில் சந்திக்க வேண்டும். கொடுமணல் போன்ற பழைய பட்டறை மணிகளிலும் இருபக்கத் துளைதான் வழக்கம்.

முறை இது. வைரத்தூள் பூசிய 1 மி.மீ. முனை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் மையத்தைக் குறித்து, துரப்பணத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு சின்னப் பள்ளம் போடுங்கள். நேராக வைத்துத் தொடங்கினால் வழுக்கி ஓடும். பள்ளம் விழுந்ததும் நிமிர்த்துங்கள். மணியை ஒரு மரத்துண்டில் அரக்கு வைத்து ஒட்டி, தட்டில் மணி மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நொடி இறக்கி, உடனே மேலே தூக்குங்கள். தூக்கும்போதுதான் துளைக்குள் தண்ணீர் போய்ச் சூட்டைத் தணித்து, வெள்ளைச் சேற்றை வெளியே கொண்டுவரும். தூக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சேறு காய்ந்து இறுகும், முனையின் வைரத்தூள் உதிரும், சூட்டில் கல்லும் விரியும். உங்கள் கையின் எடைக்கு மேல் அழுத்தவே வேண்டாம். முனை வெட்டுவது நின்றால் புது முனை மாற்றுங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்.

நடுவில் துளைகள் கொஞ்சம் விலகிச் சந்தித்தால் உள்ளே ஒரு படி நிற்கும். மெல்லிய முனையை இருபுறமும் விட்டு அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படியே பிறகு நூலை அறுக்கும். துளையின் இரு வாய்களையும் கூம்பு வடிவ வைர முனையால் நாலு சுற்றுச் சுற்றி மழுக்க வேண்டும்.

மெருகுக்கு முன்பே துளை போடுங்கள். உடையப்போகிற மணி மெருகேற்றிய பிறகு உடைந்தால் அந்த வேலை நேரமும் சேர்ந்து போகிறது.

தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பியோடு உள்ள துரப்பணத்தைப் பிடிக்காதீர்கள். மோட்டார் மேலே தொங்கி, வளையும் தண்டு மட்டும் கைக்கு வருகிற வகையோ பேட்டரி வகையோதான் சரி. பெரிலை அணிவதில் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அதன் தூளில் பெரிலியம் இருக்கிறது, படிகத்தின் தூள் நுரையீரலைக் கெடுக்கும். உலர்வாகத் தேய்ப்பதோ துளைப்பதோ கூடவே கூடாது. முகக்கவசம் போடுங்கள், சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் குழந்தைகள் நடமாடும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: வெள்ளிக் கட்டடத்தில் (கல்லைப் பிடித்து நிற்கும் வெள்ளிச் சட்டம்) டர்க்காய்ஸ் வைத்து, வளையத்தைப் பற்றவைக்கும்போது கல் கறுத்துவிட்டது. இன்னொன்றில் கல் ஆடுகிறது. கட்டடம் செய்யும் முறையை முதலிலிருந்து சொல்லுங்கள்.
*வாசகி, கோயம்புத்தூர்*

டர்க்காய்ஸுக்குள் தண்ணீர் இருக்கிறது. நெருப்புப் பட்டால் அது வெளியேறி நிறம் மாறும், வெடிக்கவும் செய்யும். நெருப்பு வேலை முழுக்க முடிந்து, நகை ஆறி, கழுவி, மெருகும் போட்ட பிறகுதான் கல் உள்ளே போக வேண்டும். பற்றவைக்க மறந்த வளையத்தை ஈரத்துணி சுற்றிக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

10க்கு 8 மி.மீ. முட்டை வடிவக் கல்லை எடுத்துக்கொள்வோம். சுற்றுச் சுவருக்குச் சுத்த வெள்ளிப் பட்டை, 0.3 மி.மீ. கனம். 92.5 வெள்ளி விறைப்பு, கல் மேல் மடியாமல் எதிர்க்கும், அந்த அழுத்தத்தில் டர்க்காய்ஸ் விளிம்பு பெயரும். பட்டையின் நீளம் காண நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 9. அதோடு பட்டையின் கனம் 0.3 கூட்டினால் 9.3. அதை 3.14ஆல் பெருக்கினால் 29.2 மி.மீ. இந்தக் கனத்தைக் கூட்ட மறப்பதால்தான் பலருக்கும் கல் நுழையாமல் போகிறது. பிறகு அவசரத்தில் பெரிதாகச் செய்தால் ஆடுகிறது, உங்களுக்கு இரண்டாவது நகையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். பட்டையின் உயரம் கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

பட்டையின் இரு முனையையும் அரத்தால் சதுரமாக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கு தெரியாத அளவுக்குச் சேருங்கள். பற்றவைக்க உருக்கும் உலோகமான பொடி, இடுக்கை நிரப்பாது. வெங்காரம் தடவி, உயர்ந்த சூட்டில் உருகும் கடினப் பொடி வைத்து ஊதுங்கள். அடுத்து அடித்தகடு, 92.5 வெள்ளி, 0.5 மி.மீ. அதைச் சமமான பரப்பில் மரச் சுத்தியலால் தட்டி நேராக்கி, சுவரைத் தேய்த்துச் சமமாக்கி மேலே நிறுத்துங்கள். இதற்கு நடுத்தரப் பொடி. தகடு கனம், சுவர் மெல்லிசு. சுடரைத் தகட்டைச் சுற்றி ஓடவிட்டுக் கீழிருந்து சூடேற வையுங்கள். சுவரின் மேல் சுடர் நின்றால் பட்டை ஒரு கணத்தில் உருகிச் சுருண்டுவிடும். பொடி எப்போதும் சூட்டை நோக்கியே ஓடும், இது மனசில் இருந்தால் பாதி வேலை கைக்கு வந்த மாதிரி. கடைசியாகத் தொங்கும் வளையத்துக்கு எளிதில் உருகும் பொடி. மூன்று பொடி வைப்பதன் காரணமே, பின்னால் வருகிற சூட்டில் முன்னால் பற்றிய இடம் விட்டுவிடக் கூடாது என்பதுதான்.

ஆறியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊறவிடுங்கள், ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி. வெங்காரக் கண்ணாடியும் கறுப்பும் கழன்றுவிடும். எடுப்பதற்கு இரும்புச் சாமணம் வேண்டாம். பழகிய கரைசலில் இரும்பு பட்டால் அதில் கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்து நகை ரோஸ் நிறமாகிவிடும். மரக்குச்சியோ செம்புச் சாமணமோ போதும்.

கல்லை வைத்துப் பார்க்குமுன் அடியில் ஒரு நூலைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். கல் இறுகிக்கொண்டால் நூலை இழுத்து எடுக்கலாம். கல் சரியாக உட்கார்ந்ததும் நூலை எடுத்துவிட்டு, சுவரை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எதிரெதிரே நாலு இடத்தில் மடியுங்கள், பிறகு இடையில் நாலு. ஒரு பக்கமிருந்து சுற்றிக்கொண்டே போனால் உபரிப் பட்டை கடைசி இடத்தில் குவிந்து மடிப்பாகும். முட்டை வடிவத்தின் இரு கூர் முனைகளில் உலோகம் அதிகம், அங்கே முதலில் தொடங்குவது நல்லது.

கேள்வி: காங்கேயம் நிலாக்கல்லைக் குவிமேடாகத் தேய்த்தேன். மினுமினுப்பு நடுவில் வராமல் ஓரத்தில் நிற்கிறது.
*வாசகர், கரூர்*

மினுமினுப்பு கல்லின் உள்ளே உள்ள மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். அடுக்குக்கு இணையாகக் கல்லின் அடிப்பரப்பு இருந்தால்தான் ஒளி நடுவில் நிற்கும். வெட்டுமுன் கல்லை நனைத்து, ஒற்றை விளக்கின் கீழே திருப்பித் திருப்பி, முழுப் பரப்பும் ஒரே சமயத்தில் ஒளிரும் பக்கத்தைக் கண்டு குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் மேல்பக்கம். தேய்த்து முடித்த கல்லில் திருத்த வேண்டுமானால் அடியைச் சாய்வாக மறுபடி தேய்க்க வேண்டும், அளவு குறையும். இந்தக் கல் இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும், கரகரப்பான சாணையில் அழுத்தாதீர்கள்.

கேள்வி: வைடூரியமும் பெரிலும் ஒன்றா?
*வாசகர், அவினாசி*

இன்று கடையில் வைடூரியம் என்று கேட்டால் பூனைக்கண் கல்லைத் தருவார்கள். அது கிரிசோபெரில், வேறு கனிமம். ஆனால் பெரில் என்ற கிரேக்கச் சொல்லே இந்தியாவின் பழைய பிராகிருத மொழியின் 'வேருலிய'விலிருந்து போனது. கல்லோடு கல்லின் பெயரும் கப்பலேறியிருக்கிறது.

கேள்வி: உழவு ஓட்டும்போது தோட்டத்தில் பழைய மணிகள் நாலைந்து கிடைத்தன. கழுவி, புது மணிகளோடு சேர்த்து மாலை செய்யலாமா?
*வாசகர், சென்னிமலை*

தயவு செய்து வேண்டாமுங்க. கழுவவும் வேண்டாம். துளைக்குள் ஒட்டியிருக்கும் மண்ணும், மணி கிடந்த ஆழமும், பக்கத்தில் என்ன கிடந்தது என்பதும்தான் அதன் வரலாறு. மாலையில் கோர்த்த பிறகு அது வெறும் மணி. கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மேலும் தோண்டாதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேராகவோ மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் செல்லும். மாலைக்கு வேண்டுமானால் அந்த மணியின் அளவையும் வடிவத்தையும் எடுத்துப் புதுக்கல்லில் செய்யுங்கள்.

கேள்வி: பெரில் மாலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. பட்டு நூலில்தான் கோர்க்கிறேன்.
*வாசகி, சேலம்*

துளை வாயைத் தடவிப் பாருங்கள், கத்தி மாதிரி இருக்கும். பெரிலின் கூர் விளிம்புக்குப் பட்டு தாங்காது. மேலே சொன்ன மாதிரி வாயை மழுக்கி, நைலான் பூசிய எஃகுக் கம்பி நூல் 0.38 மி.மீ. கனத்தில் கோர்த்துப் பாருங்கள். முடிக்கும்போது கடைசி மணிக்கும் கொக்கிக்கும் இடையே 2 மி.மீ. தளர்வு விடுங்கள். முறுக்கிக் கட்டினால் கம்பி ஒவ்வொரு துளை வாயிலும் மடங்கி அங்கேதான் ஒடியும்.

பட்டுதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு மணிக்கும் முடிச்சுப் போடுங்கள். அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும். 45 செ.மீ. மாலைக்கு நூல் அதன் ஐந்து மடங்கு, சுமார் 2.25 மீட்டர் வெட்டி இரட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முடிச்சு 1 மி.மீ. இடம் பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து மணியைக் குறையுங்கள்.

கேள்வி: டர்க்காய்ஸ் மோதிரம் ஒரே வருடத்தில் பச்சை ஓடிவிட்டது. போலியா?
*வாசகி, பொள்ளாச்சி*

போலியாக இருக்க வேண்டியதில்லை. டர்க்காய்ஸ் நுண்துளை உள்ள கல். தேங்காய் எண்ணெய், மஞ்சள், வாசனைத் திரவியம், வியர்வை எதுவானாலும் உறிஞ்சும், நீலம் பச்சைக்கு இறங்கும். எண்ணெய் பட்டால் நிறம் போகும் என்பதைப் பழைய ரோமானியர்களே குறித்திருக்கிறார்கள். உறிஞ்சியது உள்ளே போய்விட்டால் முழுக்கத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, எல்லாம் முடிந்து கை கழுவிய பிறகு கடைசியாக மோதிரத்தைப் போடுங்கள், வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். வெள்ளி கறுத்தால் விபூதியைத் துணியில் தொட்டு வெள்ளியை மட்டும் தேயுங்கள், கல்லுக்கு மேல் போக வேண்டாம். வெள்ளி கழுவும் திரவத்திலோ, சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரிலோ டர்க்காய்ஸ் நகையை முக்கவே கூடாது. பெரில் நகைக்கு இந்தக் கவலைகள் இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், பின்பக்கத்தில் சேரும் எண்ணெய் அழுக்கை எடுத்துவிட்டால் கல் மறுபடி ஒளிரும்.